தண்டு வீடும் பேட்டை வீடும்

போன வருஷம் உறவில் ஒரு சதாபிஷேகம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் சித்தப்பா பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, சிவாஜிநகர் வீட்டை பில்டருக்குக் கொடுக்கப் போறேளாமே. எனக்கு அதுல பங்கு உண்டா, இல்லையா? நேராச் சொல்லிடுங்கோ" என்றாள்.

சுற்றியிருந்தவர்களே முந்திக்கொண்டார்கள். "2005-லேயே சட்டம் வந்தாச்சே, பேஷா உண்டு" என்றார் ஒரு மாமா. "அவ அப்பா 1971-லேயே காலமாயிட்டார், அந்தச் சட்டம் செல்லாது" என்றார் இன்னொருவர். "கல்யாணம் ஆகி கோத்திரம் மாறினவளுக்கு ஏதுங்காணும் பங்கு?" என்று மூன்றாமவர் முடித்து வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

நம்மவர்கள் சொத்து விஷயத்தில் முதலில் கேட்பது "யாருக்கு எவ்வளவு?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. சொத்துக்காரர் எந்தத் தேதியில் காலமானார்? அன்றைக்கு அந்தச் சொத்து எந்த சர்க்காரின் எல்லையில் இருந்தது? இரண்டாவது கேள்வி மற்ற ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பெங்களூரில் அது வேடிக்கையில்லை.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரிட்டிஷ் படை 1809 வாக்கில் பெங்களூருக்கு மாறியது. படையைத் தொடர்ந்து ஆற்காடு சீமையிலிருந்து வியாபாரிகள், கொத்தனார்கள், சமையல்காரர்கள், குமாஸ்தாக்கள் என்று தமிழர்கள் வந்து குடியேறினார்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்ததும் வரவு இன்னும் பெருகியது. கோட்டையையும் பழைய கடைவீதிகளையும் சேர்த்துப் 'பேட்டை' என்றும், படை இருந்த பக்கத்தைத் 'தண்டு' என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். சிவாஜிநகர் தண்டைச் சேர்ந்தது. அன்று அதன் பெயர் பிளாக்பள்ளி. வெள்ளையரிசி என்று பொருள்படும் 'பிளி அக்கி' என்ற கன்னடச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். வெள்ளை எப்படியோ துரைமார் வாயில் 'பிளாக்' ஆகிவிட்டது.

1831-ல் மைசூர் நிர்வாகத்தைக் கம்பெனியார் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 1881-ல் ராஜ்யத்தை சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பிக் கொடுத்தபோது தண்டை மட்டும் கொடுக்கவில்லை. அது 'ஸிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ரெஸிடென்ட் துரையின் கீழ் தனியாக நின்றது. நிலம் மகாராஜாவுடையது, அதிகாரம் பிரிட்டிஷாருடையது. மைசூர் சட்டசபை இயற்றிய சட்டம் அங்கே செல்லாது. பிரிட்டிஷ் இந்தியச் சட்டமும் தானாகச் செல்லாது. அறிவிக்கை மூலம் நீட்டித்தால்தான் உண்டு. பேட்டைக்காரர்கள் வழக்காட அட்டாரா கச்சேரிக்குப் போனார்கள். தண்டுக்காரர்களுக்கு ஹைகோர்ட் ஸ்தானத்தில் ரெஸிடென்டே இருந்தார். நடுவில் இருந்தது கப்பன் பார்க்தான். ஜட்காவில் ஏறினால் சிறிது நேரப் பிரயாணம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் தாத்தா ராணுவக் கணக்கு இலாகாவில் குமாஸ்தா. பிளாக்பள்ளியில், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு நடந்து போகும் தூரத்தில், முற்றம் வைத்த வீடு. அவர் தம்பி மைசூர் சர்க்கார் உத்தியோகம், சாமராஜபேட்டையில் வீடு. இருவரும் முன்பே பாகம் பிரித்துக்கொண்டவர்கள். தாத்தா 1935-லும் தம்பி 1936-லும் காலமானார்கள். கதைக்காகச் சொல்வது போல இருக்கும், ஆனால் இரண்டு வீட்டிலும் மிஞ்சியது ஒரே கணக்கு: ஒரு விதவைத் தாய், இரண்டு பிள்ளைகள், கல்யாணம் ஆகாத ஒரு பெண்.

பேட்டை வீட்டுக்குப் பொருந்தியது மைசூரின் 1933-ஆம் வருஷத்து ஹிந்து பெண்கள் உரிமைச் சட்டம். மைசூர் சமஸ்தானத்தின் பெருமையாக அணைக்கட்டையும் மின்சாரத்தையும் சொல்வார்கள். இந்தச் சட்டத்தை யாரும் சொல்வதில்லை. சகோதரர்கள் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்ளும்போது தாய்க்கு ஒரு பிள்ளையின் பங்கில் பாதியும், மணமாகாத சகோதரிக்கு ஒரு சகோதரன் பங்கில் கால்வாசியும் கொடுக்க வேண்டும் என்றது அது. அப்படி வந்த பங்கு ஸ்த்ரீதனம், அதாவது அவளுடைய சொந்தச் சொத்து. மணமான பெண்ணுக்கு அதிலும் ஒன்றுமில்லை.

விஞ்ஞானம் படித்த பழக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஒன்று, ஒன்று, தாய்க்கு அரை, பெண்ணுக்குக் கால். மொத்தம் இரண்டே முக்கால். வீட்டைப் பதினொரு பாகமாக வைத்தால் பிள்ளைகளுக்கு நான்கு நான்கு, தாய்க்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. சாமராஜபேட்டைப் பாகப்பத்திரத்தில் கண்டிருப்பதும் அதுவேதான். சின்னப் பாட்டிக்கு முன்கட்டு வந்தது. அதை வாடகைக்கு விட்டு, கடைசி வரை யாரிடமும் கை நீட்டாமல் இருந்தாள்.

தண்டு வீட்டில் பழைய மிதாக்ஷரம். சொத்து இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி. தென்னாட்டு வழக்கப்படி தாய்க்குப் பங்கு கிடையாது, ஜீவனாம்சம் மட்டும். பெண்ணுக்குக் கல்யாணச் செலவு. என் பாட்டிக்குக் குறை வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசிக்குப் போக வேண்டும் என்று அவள் என் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் மாறி மாறிக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. சின்னப் பாட்டி இரண்டு முறை போய் வந்தாள்.

1937 ஏப்ரலில் பிரிட்டிஷ் இந்தியாவில் ஹிந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கணவனின் பங்கு விதவைக்கு, ஆனால் அவள் ஆயுள் வரைக்கும் மட்டுமே. அதுவும் சட்டம் வந்த பிறகு இறந்தவர்களின் சொத்துக்குத்தான். எங்கள் தாத்தா இரண்டு வருஷம் முந்திவிட்டார். தேதி என்பது அவ்வளவு நிர்தாட்சண்யமானது.

1947 ஜூலை 26-ஆம் தேதி, சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்பு, தண்டு மைசூருக்குத் திரும்பி வந்தது. 1949-ல் இரண்டு முனிசிபாலிடிகளும் ஒரே கார்ப்பரேஷன் ஆயின. கோடு அழிந்தது. பத்திரங்களில் மட்டும் அழியவில்லை. இன்றும் சிவாஜிநகர்ப் பழைய வீட்டை வாங்குகிறவர்களின் வக்கீல் மூலப்பத்திரத்தைத் தேடினால் இந்தக் கோட்டில்தான் போய் முட்டிக்கொள்வார்.

1956 ஜூன் 17 முதல் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் பிறகு இறந்த தகப்பனாரின் தனிப்பங்கில் பெண்ணுக்கும் பாத்தியதை உண்டு. எனவே சித்தப்பா 1971-ல் போனபோதே என் தங்கைக்கு ஒரு சின்னப் பங்கு இருந்தது. ஆனால் 23-ஆவது பிரிவு, குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் பிரிக்கச் சொல்லக் கூடாது என்றது. 1968-ல் கல்யாணமாகிப் போனவள் கேட்கவும் இல்லை.

1994 ஜூலை 30-ல் கர்நாடகம் பெண்ணையும் பிறப்பால் பங்காளியாக்கியது; ஆனால் அதற்கு முன் மணமானவர்களுக்கு இல்லை என்றது. தமிழ்நாடு 1989-லேயே இதே போலச் செய்திருந்தது. 2005 செப்டம்பர் 9-ல் மத்திய திருத்தம் வந்து மணமானவள், ஆகாதவள் என்ற பேதத்தை நீக்கியது. 23-ஆவது பிரிவும் போயிற்று. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அந்த 2005 தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. அதுவும் நம் கர்நாடகத்திலிருந்து போன வழக்கே. 2020 ஆகஸ்ட் 11-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, அப்படி இருக்க வேண்டியதில்லை, பிறப்பே போதும் என்று தீர்த்தது. பந்தியில் பேசிய மூன்று மாமாக்களும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வருஷத்தில் நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரே விதிவிலக்கு, 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பாகம் ஆகியிருந்தால் அதைக் கிளற முடியாது. முறையாக என்றால் பதிவு செய்த பாகப்பத்திரம் அல்லது கோர்ட் டிகிரி. "வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்" என்பதை, சர்க்கார் தஸ்தாவேஜுகளின் ஆதாரம் இல்லாமல் கோர்ட் லேசில் ஏற்காது. காத்தா வைத்திருக்கிறோமே என்பார்கள். காத்தா என்பது வரி கட்டும் கணக்கு. அது யாரையும் சொந்தக்காரர் ஆக்குவதில்லை. எங்கள் வீட்டுக் காத்தா இன்றும் 1935-ல் போன தாத்தா பேரில்தான் இருக்கிறது.

டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளைக் காகிதம் இருந்தது. 1972-ல் என் அப்பாவும் சித்தப்பா பிள்ளைகளும் எழுதிக்கொண்ட பாகம். ஸ்டாம்பும் இல்லை, பதிவும் இல்லை. அதை வைத்து அவளுக்கு இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். இந்தக் காரியத்தில் என் கைக்கும் லாபம் உண்டு. மறுநாள் போன் செய்து, சித்தப்பாவின் பாதியில் அவளுக்கும் அவள் அண்ணன் தம்பிக்கும் சரிசமமாக மூன்றில் ஒன்று என்று சொன்னேன். அப்பாவின் பாதியில் என் கூடப் பிறந்த தங்கைக்கும் அப்படியே. வம்சவிருட்சத்துக்கு மனு எழுதியபோது இருவர் பெயரையும் சேர்த்தேன். பில்டரின் வக்கீலுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பெண்களின் கையெழுத்து இல்லாமல் அவர் காகிதத்தைத் தொடுவதாக இல்லை.

அந்த 1972 காகிதத்தின் அடியில் சாட்சிக் கையெழுத்து ஒன்று, கோணல்மாணலான தமிழில். தாத்தா போனபோது கல்யாணமாகாத ஒன்பது வயதுப் பெண்ணாக இருந்து, பின்னால் கணவனை இழந்து திரும்பி வந்து, 1983 வரை அதே வீட்டின் பின்கட்டில் இருந்த என் அத்தையின் கையெழுத்து அது.