நகுஷா: வேண்டாம் என்று ஒரு பெயர்

பெயர் என்பது பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் பரிசு என்பார்கள். அந்தப் பரிசே தண்டனையாக அமைந்தால்? மகாராஷ்டிராவில் பெண் குழந்தைகளுக்கு வைக்கப்பட்டு வந்த "நகுஷா" என்ற பெயர் அப்படிப்பட்டதுதான்.

மராத்தியில் "நகோ" என்றால் வேண்டாம். அதிலிருந்து வந்த நகுஷா, நகோஷி என்ற பெயர்களுக்கு "வேண்டாதவள்" என்று பொருள். ஆண் வாரிசை எதிர்பார்த்த வீட்டில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பெண் பிறந்தால் இந்தப் பெயரை வைத்தார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டிலும் இதே நம்பிக்கையில் "வேண்டாம்", "போதும்பொண்ணு" என்று பெயர் வைத்தது உண்டு.

மட்டமான பெயர்கள் எல்லாமே வெறுப்பில் பிறந்தவை அல்ல. நம் ஊர் குப்பன், பிச்சை போன்ற பெயர்கள், முன்பு பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் "இதுவாவது தங்கட்டும்" என்று வைத்தவை. அங்கே பெயர் பிள்ளையைக் காக்க வந்தது. நகுஷாவிலோ, இன்னும் பிறக்காத தம்பிக்காக அக்காவின் பெயர் பலியானது!

இந்தப் பெயர் அதிகம் வழங்கிய இடங்களில் ஒன்று சாத்தாரா மாவட்டம். 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே 1831-ல் பிறந்த நாய்காவ் கிராமமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது வேதனையான முரண்.

2011 அக்டோபரில் சாத்தாராவில் அரசு அதிகாரிகள் ஒரு பெயர் சூட்டு விழா நடத்தினார்கள். 285 சிறுமிகள் பழைய பெயரை விட்டுப் புதுப் பெயரும் அதற்கான சான்றிதழும் பெற்றார்கள். சிலர் ஐஸ்வர்யா என்று நடிகையின் பெயரை எடுத்துக் கொண்டார்கள். சிலர் சாவித்திரி போன்ற புராணப் பெயர்களை விரும்பினார்கள்.

பெயர் மாறினால் போதுமா? இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 2001-ல் 927 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011-ன் முதற்கட்டக் கணக்கில் அது 914. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்த பிறகும் இந்த நிலை!

நகுஷா என்று பெயர் வைத்த வீட்டில் பெண் பிறக்கவாவது விட்டார்கள். பெயரே பெறாமல் போனவர்களுக்கு எந்த விழாவில் பெயர் சூட்டுவது?