எது நல்ல ரேடியோ?

தாத்தா ரெண்டு ரேடியோ விட்டுப்போனார். ஒன்று மேசையில் வைக்கும் வால்வு பெட்டி, இன்னொன்று கையில் தூக்கும் டிரான்சிஸ்டர். எஞ்சினியர் பேரன் என்பதால் எது தேவலாம் என்று வீட்டில் என்னைத்தான் கேட்டார்கள்.

வெளியே நீளக் கம்பி கட்டினால் வால்வு பெட்டி தூரத்துச் சிற்றலையையும் பிடிக்கும். குரலும் கனமாக வரும். டிரான்சிஸ்டரில் அதே குரல் தகர டப்பாவுக்குள் பேசுற மாதிரி இருக்கும். ஆனால் தோட்டத்து லயத்தில் ஜெனரேட்டர் நின்ற பிறகும் அது பேட்டரியில் பேசியது. கொடுத்த காசுக்கு எது என்றால் தாத்தாவுக்கு அதுதான்.

அதற்கும் முன்பு தரத்துக்கு வேறு அர்த்தம் இருந்தது. ஜப்பானியர் காலத்தில் சிற்றலை கேட்பது குற்றம். பேராக், பாப்பானில் சிபில் கார்த்திகேசு ‘ஜோசபின்’ என்று பெயரிட்ட ரேடியோவில் ரகசியமாக பிபிசி கேட்டார். 1943இல் கைதாகிச் சித்திரவதைப்பட்டார், 1948இல் இறந்தார். அன்றைக்கு நல்ல ரேடியோ என்றால் ஒளிக்க முடிந்த ரேடியோ.

போருக்குப் பிறகு அதே பிபிசி நம்ம ஜொகூருக்கே வந்தது. தெப்ராவில் இருந்த அதன் தூரக்கிழக்கு நிலையம் ஆசியாவுக்குச் சிற்றலை அனுப்பியது. 1979இல் அது சிங்கப்பூரின் கிராஞ்சிக்கு மாறியது, 2023இல் கிராஞ்சியும் அடங்கியது. தெப்ராவ் என்றால் இன்று பேரங்காடியும் சாலை நெரிசலும்தான்.

போன வாரம் ரெண்டையும் போட்டுப் பார்த்தேன். வால்வு பெட்டியில் அடுக்குமாடி முழுக்க எரியும் எல்இடி, சார்ஜர்களின் இரைச்சல்தான் வந்தது. டிரான்சிஸ்டரை பால்கனிக்குத் தூக்கிப்போனதும் இரைச்சல் குறைந்தது. ஜெயித்தது அதுதான். ஆனால் தாத்தா தினமும் தேடிய பிபிசி தமிழோசை, 1941இல் தொடங்கியது, சிற்றலையில் 2017லேயே நின்னுபோச்சு. பெட்டி ரெண்டும் சரியாத்தான் இருக்கு.