சீனி வருத்தத்துக்குப் புதுக் கலங்கள்: "எங்கே வைப்பது?" என்ற 130 வருடக் கேள்வி



போன கிழமை எனது வகுப்புப் பிள்ளை ஒருவனின் உம்மா போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். சீனாவில் ஒரு பெண்ணின் வயிற்றில் ஏதோ கலங்களை வைத்தார்களாம், சீனி வருத்தம் சுகமாகி விட்டதாம், இனி ஊசியே தேவையில்லையாம். அந்தப் பிள்ளைக்கு முதலாம் வகைச் சீனி வருத்தம். சின்ன வயதிலிருந்தே ஒரு நாளைக்கு நாலு தடவை இன்சுலின் அடிக்கிறான். "சேர், இது உண்மையா? உண்மையெண்டா நாங்க ஊசியக் கொஞ்சம் குறைச்சிப் பாப்பமா?" என்று கேட்டார்.

முதல் கேள்விக்கு, அப்படி ஒரு பெண் இருப்பது உண்மை என்றேன். இரண்டாவதுக்கு, கிளினிக் டொக்டர் சொல்லாமல் ஒரு அலகுகூடக் குறைக்க வேண்டாம், ஊசியை நிறுத்தினால் இந்த வகையில் உயிருக்கே ஆபத்து என்றேன். அவர் குழம்பிப் போனார். பாடசாலை வாசலில் நின்றபடி விளக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நான் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவன்.

சதையி என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அது இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிற ஒரு சுரப்பி. அதன் பெரும் பகுதி சமிபாட்டு நொதியங்களைச் சுரக்கிறது. அதற்குள் தீவுகள் மாதிரி ஆங்காங்கே கிடக்கும் சின்னச் சின்னக் கலக் கூட்டங்களை 1869இல் பெர்லினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த போல் லங்கர்ஹான்ஸ் கண்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. அவை என்ன வேலை செய்கின்றன என்று அவருக்குத் தெரியாது. ஒரு மனிதனுக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் சிறுதீவுகள். எல்லாம் சேர்த்து நிறுத்தால் ஒன்றிரண்டு கிராம்தான். முதலாம் வகை வருத்தத்தில் உடம்பின் நிர்ப்பீடனமே இவற்றிலுள்ள இன்சுலின் கலங்களை அழித்து விடுகிறது.

1889இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வொன் மெரிங்கும் ஒரு நாயின் சதையியை வெட்டி எடுத்தார்கள். நாய்க்குச் சீனி வருத்தம் வந்தது. பிறகு மின்கோவ்ஸ்கி சதையியின் ஒரு துண்டை நாயின் தோலுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். துண்டு இருக்கும்வரை வருத்தம் வரவில்லை. துண்டை எடுத்ததும் வந்தது. அப்படியென்றால் இந்தச் சுரப்பி அதன் சொந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வேறொரு இடத்தில் இருந்தும் வேலை செய்யும். கதை இங்கேதான் தொடங்குகிறது.

1893 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 15 வயதுப் பையன் ஒருவன் சீனி வருத்தத்தால் சாகக் கிடந்தான். அந்தக் காலத்தில் மருந்தே இல்லை. வொட்சன் வில்லியம்ஸ் என்ற டொக்டர், அப்போதுதான் அறுத்த செம்மறியாட்டின் சதையியைத் துண்டாக்கி அந்தப் பையனின் தோலுக்குக் கீழே வைத்தார். மூன்று நாளில் பையன் மௌத்தாகி விட்டான். இன்றைக்கு இதை வாசித்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். சும்மா சாகப் பார்த்துக்கொண்டிருப்பதா, ஏதாவது செய்வதா என்ற நிலையில் அந்த மனிதர் நின்றார். நான் குறை சொல்ல மாட்டேன்.

1921இல் டொரன்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. உயிர் காக்கும் மருந்து கிடைத்ததும் இந்தக் கேள்வி அநேகமாகத் தூங்கி விட்டது. ஆனால் ஊசி மருந்துக்குக் குருதியை அளக்கத் தெரியாது. சிறுதீவுக்குத் தெரியும். சாப்பிட்டதும் கூட்டும், பசித்தால் குறைக்கும். நடு இரவில் சீனி இறங்கி வியர்த்து நடுங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பிய உம்மாமாருக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் சென்ட் லூயிஸ் நகரில் போல் லேசி என்ற பேராசிரியர் 1960களின் கடைசியில் எலியின் சதையியை ஒரு நொதியத்தால் கரைத்துச் சிறுதீவுகளை மட்டும் பிரித்தெடுத்தார். 1972இல் அவற்றை வருத்தமுள்ள எலிகளின் வயிற்றுக் குழிக்குள் போட்டார்கள். நிலைமை ஓரளவு தேறியது. அடுத்த வருடம் அதே ஆய்வுகூடத்தில் கெம்ப் என்பவரும் கூட்டாளிகளும் இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தோலுக்குக் கீழே வைத்தது தோல்வி. வயிற்றுக் குழி சுமார். குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுபோகும் வாயினாளத்துக்குள் விட்டபோது ஒரு நாளைக்குள் எலியின் சீனி சாதாரண அளவுக்கு வந்து விட்டது.

அந்த எலிகள்தான் அடுத்த ஐம்பது வருடத்துக்கு மனிதனுக்கும் இடத்தைத் தீர்மானித்தன என்று சொன்னால் மிகையில்லை. காரணமும் இருந்தது. சதையியின் இன்சுலின் இயற்கையாகவே முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. வயிற்றைப் பிளக்காமல் தோலுக்கூடாக ஒரு ஊசிக்குழாயால் கலங்களை விடலாம். சொந்த இடமான சதையிக்குள்ளேயே வைத்தால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சதையியைத் தொட்டுக் குழப்பினால் அதன் நொதியங்கள் அதையே அரிக்கத் தொடங்கும் என்ற பயம்தான்.

2000இல் கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷபிரோவின் குழு ஏழு பேருக்கு இப்படி ஈரலில் சிறுதீவுகளை வைத்தது. ஏழு பேரும் இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள். உலகமே பேசியது. 2006இல் பல நாடுகளில் 36 பேருக்குச் செய்து பார்த்த முடிவு வந்தது. ஒரு வருடத்தில் ஊசியில்லாமல் இருந்தவர்கள் 16 பேர். இரண்டு வருடத்தில் அவர்களில் ஐந்தே பேர்.

ஏன் இப்படி? இடத்திலேயே பிரச்சினை. கலங்கள் குருதியில் பட்டதுமே அவற்றைச் சுற்றிக் குருதி உறைந்து வீக்கம் உண்டாகி, முதல் நாட்களிலேயே பெரும் பகுதி செத்து விடுகிறது. ஒருவருக்கே இரண்டு மூன்று பேரின் சதையி தேவைப்பட்டது இதனாலும்தான். பிறர் கலத்தை உடம்பு தாக்காமலிருக்க விழுங்கும் மருந்துகள் குடலிலிருந்து அதே வாயினாளத்தால் ஈரலுக்கு வருகின்றன. அவற்றில் சில சிறுதீவுக்கே நஞ்சு. காக்கப் போன மருந்தின் கடுமையான அளவு போய்ச் சேருவதும் அங்கேதான். இன்னொன்று, ஈரல் முழுக்கச் சிதறிய கலங்களைத் திருப்பி எடுக்க முடியாது. ஆய்வுகூடத்தில் மூலக்கலங்களிலிருந்து வளர்த்த கலம் கட்டியாக மாறினால் என்ன செய்வது?

அதனால் வேறு இடம் தேடினார்கள். எலியின் கண்ணுக்குள்கூட வைத்தார்கள், கண்ணாடிக்கூடாகப் பார்ப்பதுபோல் கலங்களைப் பார்க்கலாம் என்று. சிறுநீரகத்தின் மேலுறைக்குக் கீழே எலிக்கு நன்றாக வேலை செய்தது, மனிதனுக்கு அவ்வளவாக இல்லை.

குர்பான் கொடுக்கும்போது குடலுக்கு மேலே வலை மாதிரி ஒரு கொழுப்புத் திரை கிடக்குமே, மனிதனுக்கும் அது உண்டு. குருதிக் குழாய்கள் நிறைந்தது, தேவைப்பட்டால் வெட்டி எடுக்கலாம். 2015இல் மயாமியில் 43 வயதுப் பெண் ஒருவருக்கு அதில் சிறுதீவுகளைப் பரப்பி, அவரது குருதித் திரவத்தையே பசையாக்கி ஒட்டினார்கள். 17 நாளில் ஊசியை நிறுத்தினார்.

அந்த வீடியோவில் வரும் 25 வயதுப் பெண்ணுக்கு 2023இல் வைத்தது வயிற்றின் முன்புறத் தசையை மூடியிருக்கும் உறைக்குக் கீழே. அவரது சொந்தக் கலங்களையே மாற்றி வளர்த்த சிறுதீவுகள் அவை. ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் வீடியோவில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவருக்கு ஏற்கனவே ஈரல் மாற்றுச் சிகிச்சை நடந்திருந்தது. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தை அவர் முன்பிருந்தே குடித்துக்கொண்டிருந்தார். அந்த மருந்து இல்லாத ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதற்கு அவர் பதில் இல்லை.

சுவீடனில் 2024 டிசம்பரில் 42 வயது மனிதர் ஒருவரின் முன்கைத் தசையில், நிர்ப்பீடனத்துக்குத் தெரியாதபடி மரபணுவைத் திருத்திய கலங்களை 17 ஊசிகளால் ஏற்றினார்கள். அடக்கும் மருந்து எதுவும் இல்லை. 12 கிழமைக்குப் பிறகும் கலங்கள் உயிரோடு இன்சுலின் சுரந்தன. அளவு மிகக் குறைவு, அவர் அப்போதும் ஊசி அடிக்க வேண்டியிருந்தது. என் பார்வையில் சீனச் செய்தியைவிட இதுதான் பெரிது. நம்மூரில் இதை ஒருவரும் பகிரவில்லை.

பன்றிக் கலங்களையும் சிலர் முயல்கிறார்கள், அது பற்றி உலமாக்களிடம் கேளுங்கள். மேலே எட்மன்டனிலிருந்து மனிதருக்கு வைத்ததாகச் சொன்னவை எல்லாம் மனிதக் கலங்கள்.

ஈரலும் தோற்று விடவில்லை. 2025இல் வெளியான ஆய்வொன்றில் மூலக்கலச் சிறுதீவுகளை ஈரலிலேயே விட்ட 12 பேரில் 10 பேர் ஒரு வருடத்தின் பின் ஊசியில்லாமல் இருந்தார்கள். அடக்கும் மருந்தோடுதான்.

இதையெல்லாம் நேற்று அந்த உம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப எங்கட மகனுக்கு எங்க வைப்பாங்க சேர்?" என்றார். கையாகவும் இருக்கலாம், வயிறாகவும் இருக்கலாம், டொக்டர்மாரே இன்னும் தேடுகிறார்கள் என்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளை சட்டையைத் தூக்கி ஊசி அடித்துத் தடித்துப்போன இடங்களைக் காட்டினான். "கையெண்டா நல்லம் சேர், வயித்தில இனி இடமில்ல."