கல்லும் சொல்லும்

1511 என்னும் ஆண்டினை மலேசியப் பள்ளி மாணவர் அறியாதிருக்க இயலாது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அல்புகர்க்கின் படை மலாக்காவைக் கைப்பற்றியது. அதே ஆண்டு டிசம்பர்த் திங்களில், உலகின் மறுபுறத்தே கரிபியக் கடல் தீவொன்றில், ஐரோப்பியர் எழுப்பிய சிறு நகரொன்றில், துறவி ஒருவர் தம் நாட்டவரை நோக்கியே ஒரு வினாவைத் தொடுத்தார். மலாக்காவின் வீழ்ச்சியை அறிந்த அளவிற்கு அந்த வினாவை மாணவர் அறியார்.

அந்நகரின் பெயர் சாந்தோ தொமிங்கோ. இன்று அது தொமினிக்கன் குடியரசின் தலைநகர். ஐரோப்பியர் அமெரிக்க மண்ணில் அமைத்து, இன்றளவும் மக்கள் இடையறாது வாழ்ந்துவரும் நகரங்களுள் அதுவே மூத்தது. அதன் பழைய பகுதியை 1990-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆண்டுதோறும் பயணிகள் திரள்திரளாக வந்து அதன் தெருக்களில் நடக்கின்றனர்.

நடக்க ஏற்ற நகரந்தான். ஓசமா ஆற்றின் மேல்கரையில் தெருக்கள் நேர்கோடுகளாக ஓடி, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்கின்றன. பின்னாளில் எசுப்பானியர் அமெரிக்காவெங்கும் எழுப்பிய நகரங்களுக்கு இவ்வமைப்பே முன்மாதிரியாயிற்று. கட்டடங்கள் பவளச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மாலை வெயிலில் அவை தேன்நிறம் கொள்ளும். வழிகாட்டிகளுக்கு 'முதல்' என்னும் சொல்லில் தீராக் காதல். முதல் கல்பாவிய தெரு, முதல் பேராலயம், முதல் மருத்துவமனை, முதல் பல்கலைக்கழகம் என்று அடுக்கிக்கொண்டே போவர். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் யாருக்கு முதல் என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டால் வழிகாட்டி சற்றுத் தடுமாறவே நேரும்.

நகரம் முதலில் இவ்விடத்தில் இல்லை. கொலம்பசின் தம்பி பார்த்தலோமியோ 1490-களின் இறுதியில் ஆற்றின் கீழ்கரையில் அதனை அமைத்தார். 1502-இல் புதிய ஆளுநராக நிக்கோலாசு தெ ஓவாந்தோ முப்பது கப்பல்களோடும் ஏறத்தாழ 2,500 மக்களோடும் வந்து சேர்ந்தார். அக்கப்பல்கள் பொன்னை ஏற்றிக்கொண்டு எசுப்பானியா திரும்ப ஆயத்தமாயின. அவ்வேளையில் தம் நான்காம் பயணமாக வந்த கொலம்பசு, பெரும்புயல் வரவிருப்பதைக் குறிகளால் உணர்ந்தார். துறைமுகத்தில் இடந்தருமாறும், கப்பல்களைப் புறப்படவிட வேண்டாமெனவும் சொல்லியனுப்பினார். ஓவாந்தோ இரண்டையும் மறுத்தார். கப்பல்கள் புறப்பட்டன, புயலும் வந்தது. இருபது கப்பல்கள் வரை மூழ்கின. முன்னர்க் கொலம்பசைச் சங்கிலியிட்டு அனுப்பிய பொபதில்லாவும் அதில் மாண்டார். கீழ்கரையிலிருந்த குடியிருப்பும் சிதைந்தது. அதன்பின்னரே ஓவாந்தோ நகரை மேல்கரைக்கு மாற்றிக் கல்லால் கட்டத் தொடங்கினார். கண்டு வியக்கும் கற்சுவர்களுக்கு அடியில் ஒரு புயலும் ஒரு பிடிவாதமும் கிடக்கின்றன.

'சீமாட்டியர் தெரு' எனப் பொருள்படும் லாசு தாமாசு தெருவில் ஓவாந்தோ வாழ்ந்த இல்லம் இன்று பயணியர் தங்கும் விடுதி. குளிர்ந்த முற்றமும் வளைவுகளும் கொண்ட அழகிய இடம். அங்கே இரவு தங்குவோர் 1503-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றையும் அறிந்திருத்தல் நன்று. தீவின் மேற்குப் பகுதியை ஆண்டவள் அனகவோனா என்னும் அரசி. பாட்டும் ஆடலும் அறிந்தவள் எனப் புகழ்பெற்றவள். ஓவாந்தோ படையோடு சென்றபோது அவள் விருந்தோம்பி வரவேற்றாள். விருந்துண்டவர்கள் அவளுடைய குறுநிலத் தலைவர்களை ஒரு வீட்டினுள் அடைத்துத் தீயிட்டனர். அரசியைத் தூக்கிலிட்டனர்.

அத்தெருவின் ஒரு முனையில் ஓசமா கோட்டை. மறுமுனையை அடுத்துக் கொலம்பசின் மகன் தியேகோவின் மாளிகை. தியேகோ 1509-இல் ஆளுநராக வந்தார். அவர் மனைவியின் தோழியர் உலவியதால்தான் தெருவிற்கு அப்பெயர் வந்தது என்பர். பின்னாளில் பாழடைந்து கிடந்த மாளிகையை 1950-களில் செப்பனிட்டனர். பேராலயத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது 1540-ஐ ஒட்டி நிறைவுற்றது. 1586-இல் ஆங்கிலேயர் திரேக்கு நகரைப் பிடித்து ஒரு திங்கள் வைத்திருந்து, 25,000 தூகாத்துப் பணயம் பெற்றுச் சென்ற கதையும் அதனோடு சேர்ந்தது.

இனி அந்த வினாவிற்கு வருவோம். 1510-இல் தொமினிக்கன் துறவியர் சிலர் இத்தீவிற்கு வந்து ஓலைக் குடிலில் தங்கினர். தீவின் பழங்குடியினரான தைனோ மக்கள் எசுப்பானியருக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுப் பொன்சுரங்கங்களில் மாய்வதைக் கண்டனர். கலந்து பேசினர். ஓர் உரையை எழுதி அனைவரும் கையொப்பமிட்டனர். அதனை நிகழ்த்த அந்தோனியோ தெ மொந்தேசினோசைத் தேர்ந்தனர். 1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. ஆளுநர் தியேகோவும் அலுவலரும் நிலவுடைமையாளரும் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். எந்த உரிமையால் இம்மக்களை இக்கொடிய அடிமைத்தனத்தில் வைத்திருக்கிறீர்கள், இவர்களும் மனிதரல்லரா என்னும் கருத்துப்பட அவர் வினவினார். வினவிவிட்டுத் தலை தாழாமல் இறங்கிச் சென்றார்.

அன்று பிற்பகலே பெரியவர்கள் துறவியரின் குடிலுக்குத் திரண்டு வந்தனர். சொன்னதை அடுத்த ஞாயிறன்று திரும்பப் பெறவேண்டும் என்றனர். துறவியரின் தலைவர் பேதுரோ தெ கோர்தோபா, அது தனியொருவர் உரையன்று, தங்கள் எல்லாருடைய உரையும் என்று விடையிறுத்தார். அடுத்த ஞாயிறும் வந்தது. மொந்தேசினோசு திரும்பப் பெறவில்லை. முன்னினும் கடுமையாகப் பேசினார். செய்தி அரசர்வரை சென்றது. 1512-இல் புர்கோசுச் சட்டங்கள் பிறந்தன. அவை வேலைநேரத்தையும் உணவையும் ஒழுங்குபடுத்த முனைந்தன. பங்கீட்டு முறையை ஒழிக்கவில்லை. சட்டம் ஏட்டில் நின்றது, மக்கள் மாண்டனர். 1514-இல் எடுத்த பங்கீட்டுக் கணக்கில் ஏறத்தாழ 26,000 பேரே எஞ்சினர். 1518-19-இல் பெரியம்மை பரவி அவர்களிலும் பலரைக் கொண்டுபோயிற்று.

அவ்வுரையை இன்று உலகம் அறிவது பார்த்தொலொமே தெ லாசு காசாசு எழுதிய வரலாற்றால். அவரும் ஒரு காலத்தில் பழங்குடியினரைப் பங்காகப் பெற்றவரே. 1514-இல் அதனைத் துறந்தார். தைனோ மக்களைக் காக்கும் ஆர்வத்தில், ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என்று கருத்துரைத்தவரும் அவரே. பின்னாளில் அதற்காக மனம் வருந்தி எழுதினார். நல்லெண்ணமும் எவ்வளவு தூரம் தவறிப்போகக்கூடும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று தேடவேண்டியதில்லை. அவருடைய வரலாற்று நூல் அச்சேறியது 1875-இல்தான்.

பொன் வற்றியதும் கரும்பு வந்தது. கொலம்பசு 1493-இல் கொண்டுவந்த பயிர் அது. ஆலைகள் எழுந்தன, ஆப்பிரிக்கர் கப்பல்களில் கொணரப்பட்டனர். 1521 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நாள்களில், நகருக்கு அப்பாலிருந்த ஒரு கரும்பாலையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அமெரிக்க மண்ணில் ஆப்பிரிக்கர் நடத்திய பெரிய எழுச்சிகளுள் முதலாவது எனப்படுவது அதுவே. வழிகாட்டிகளின் 'முதல்' பட்டியலில் அஃது எப்போதும் இடம்பெறுவதில்லை. ஆலையின் உரிமையாளர் வேறு யாருமல்லர். பத்தாண்டுகட்கு முன் முன்வரிசையில் அமர்ந்து அந்த வினாவைக் கேட்ட தியேகோதான். கிளர்ச்சி அடக்கப்பட்டது, பிடிபட்டோர் தூக்கிலிடப்பட்டனர். 1522 சனவரியில் அடிமைகளின் நடமாட்டத்தையே கட்டுப்படுத்தும் கடுஞ்சட்டம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு, கரும்பின் இந்த முற்கதையும் பயன்படும்.

பேராலயத்தின் முன்னுள்ள திடலில் 1887 முதல் கொலம்பசின் சிலை நிற்கிறது. அவர் கை தொலைவைச் சுட்டுகிறது. பீடத்தின் பக்கவாட்டில் ஏறிநின்று அவர் பெயரைப் பொறிப்பவளாக ஒரு தைனோப் பெண் வடிக்கப்பட்டிருக்கிறாள். அவளை அனகவோனா என்று சொல்வர். தூக்கிலிடப்பட்டவள் கையிலேயே எழுத்தாணியைக் கொடுத்த கலைஞரை என்னென்பது! அங்கிருந்து தெற்கே நடந்தால் கடற்கரையில் மொந்தேசினோசின் பேருருவம் எழுந்து நிற்கும். 1982-இல் நிறுவிய இச்சிலை மெக்சிக்கோ நாட்டின் கொடை. வாயருகே கையைக் குவித்து அவர் கடலை நோக்கிக் கூவுகிறார்.

தைனோ மக்கள் கற்கோட்டை கட்டியவரல்லர். மரமும் ஓலையும் கொண்டு வாழ்ந்தவர். அவர்தம் குருதி இன்றைய தீவு மக்களிடம் கலந்து ஓடுகிறது. ஊர்கள் பெயரளவில் நிற்கின்றன. எஞ்சியவற்றுள் பெரியது சொல்தான். ஆற்றங்கரையில் பழம் விற்போர் கூவும் 'குவயாபா' என்னும் சொல், போர்த்துக்கீசியர் வாயில் 'கொயாபா' ஆகித் தமிழில் கொய்யா ஆயிற்று என்பர் சொல்லாய்வாளர். 1502-இல் கப்பல்களை விழுங்கிய புயலை அவர்கள் 'உராக்கான்' என்றனர். எசுப்பானியர் அதனைக் கடன்கொண்டனர். ஆங்கிலேயர் அதனை 'ஹரிக்கேன்' ஆக்கினர். காற்றுக்கு அணையாத விளக்கொன்றிற்கும் அப்பெயரையே சூட்டி உலகெங்கும் விற்றனர். தோட்டப்புற வீடுகளுக்கு மின்சாரம் வருமுன் தமிழ்ப் பிள்ளைகள் இரவில் பாடம் படித்தது அந்த அரிக்கேன் விளக்கின் ஒளியில்தான்.