அவசர உதவித்தொகை: லம்பா லைனும் தெற்கு அந்தமானும்

சாவு, தீ, புயல், விபத்து, பெருநோய் என ஒரு குடும்பத்தைத் திடீரென்று சாய்த்துவிடும் இழப்புகளின்போது, திருப்பிக் கேட்காமல் அரசோ சமூகமோ தரும் பணமே அவசர உதவித்தொகை. கடனும் மாதந்தோறும் வரும் ஓய்வூதியமும் இதில் சேரா. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இப்பணம் பெரும்பாலும் ஒன்றிய அரசின் திட்டங்கள் வழியாக வந்து, மாவட்ட நிர்வாகத்தின் கையால் வழங்கப்படுகிறது. தொகைகள் பல விதிகளில் தெளிவாகவே உள்ளன. அவற்றைக் கையில் வாங்குவது, இழப்புக்கு முன்பே வீட்டில் இருக்கவேண்டிய சான்றுகளையும் இழப்புக்குப் பின் தவறவிடக்கூடாத கெடுவையும் பொறுத்தது.

இடமும் மக்களும்

லம்பா லைன், தெற்கு அந்தமான் மாவட்டத்தில், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், வீர சாவர்க்கர் விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்பு. ‘லம்பா’ என்பது நீளத்தைக் குறிக்கும் இந்திச் சொல். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் சுமார் 57,800 பேரின் தாய்மொழி தமிழ். வங்க மொழிக்கும் இந்திக்கும் அடுத்த இடம் அது.

இந்த ஒன்றியப் பகுதிக்குச் சட்டமன்றம் இல்லை. ஆகவே முதலமைச்சரும் இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு மனு எழுதுவதுபோல இங்கே எழுத வழியில்லை. துணைநிலை ஆளுநர் தலைமையிலான நிர்வாகம், அதன்கீழ் டிசி எனப்படும் துணை ஆணையர், அவருக்குக் கீழே தாசில்தார் என்பதே மனு செல்லும் பாதை. மக்களவை உறுப்பினர் ஒருவரே. அவருடைய தொகுதி மேம்பாட்டு நிதி பொதுச் சொத்துகளை உருவாக்கத்தான். நெருக்கடியில் இருக்கும் ஒருவருக்கு அதிலிருந்து ரொக்கம் தர இயலாது. ஆனால் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு அனுப்பும் மனுவில் அந்த உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தை இணைக்கலாம்.

வரலாறு

பிரதமரின் தேசிய நிவாரண நிதி 1948 ஜனவரியில், பிரிவினையால் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளுக்காக நேருவின் வேண்டுகோளால் தொடங்கியது. அரசு வரவுசெலவுத் திட்டத்திலிருந்து இதற்குப் பணம் வருவதில்லை, முழுவதும் நன்கொடை. பின்னர் இயற்கைப் பேரிடர், இதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவற்றுக்கும் இது நீண்டது.

தீவுகளின் நிவாரண வரலாற்றில் பெரிய திருப்பம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. கார் நிக்கோபார், கச்சால் ஆகிய தீவுகளில் சேதம் மிகக் கடுமையாக இருந்தது. கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியமர்த்தப்பட்டிருந்தனர். 2005-இல் பயிரிழப்பு நிவாரணமாகச் சிலருக்கு 2 ரூபாய்க் காசோலை வந்தது நாடெங்கும் செய்தியானது. சேதமான பரப்பைக் கணக்கிட்டுத் தொகையைப் பெருக்கும் முறை, குடும்பத்தின் தேவையைப் பார்ப்பதில்லை என்பதை அந்தக் காசோலை காட்டிக்கொடுத்தது.

அதே ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 12-ஆம் பிரிவு, நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கச் சொல்கிறது. உயிரிழப்புக்கான கருணைத்தொகையும் அதில் அடக்கம். கோவிட் சாவுகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று, இதைச் செய்வது அரசின் கடமை, விருப்பம் அன்று எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒரு சாவுக்கு 50,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது.

பேரிடர் நிவாரணம்

உள்துறை அமைச்சகம் 2022–26 காலத்துக்கு வகுத்த விதிகளில், அறிவிக்கப்பட்ட பேரிடரில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருக்க நேரும் கடுங்காயத்துக்கு 16,000. அதற்குக் குறைந்தால் 5,400. வீடு முற்றிலும் சேதமானால் சமவெளியில் 1,20,000, மலைப்பகுதியில் 1,30,000, குடிசைக்கு 8,000. துணிமணிக்கு 2,500, பாத்திரங்களுக்கு 2,500. மீனவர்களின் படகுப் பழுதுக்கு 6,000, படகு முழுதும் போனால் 15,000; வலைக்கு முறையே 3,000, 4,000.

புயல், நிலநடுக்கம், ஆழிப்பேரலை, நிலச்சரிவு, வெள்ளம் ஆகியவற்றுடன் தீ விபத்தும் அறிவிக்கப்பட்ட பட்டியலில் உண்டு. வீட்டுக்கான தொகை, அனுமதி பெற்ற கட்டடம் என்று சான்று உள்ள வீட்டுக்கே. ஆக்கிரமிப்பு நிலத்தில் வீடு கட்டியவர்கள் இங்குதான் தடுக்கிவிழுகிறார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டுக்கான தொகை இல்லை, சுவர் அவருடையதல்ல. ஆனால் துணிமணி, பாத்திரத் தொகையை அவர் தனியே கேட்கலாம்.

சாவும் விபத்தும்

தேசியக் குடும்ப நல உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குட்பட்ட முதன்மை வருவாயாளர் இறந்தால், காரணம் எதுவானாலும் ஒரே தவணையில் 20,000 ரூபாய். 2012-இல் நிர்ணயித்த தொகை அது. வீட்டுக்குச் சம்பாதித்தவர் பெண்ணாக இருந்தாலும் பொருந்தும்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் இறந்தவரின் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 2 லட்சம், கடுங்காயத்துக்கு 50,000. விண்ணப்பத்தைத் தாசில்தார் நிலையிலுள்ள வருவாய் அதிகாரி விசாரிக்கிறார். கட்டட வேலை செய்பவர்களுக்கு 1996 சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட நலவாரியம் உண்டு: 18 முதல் 60 வயதுக்குள், முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்தவர் பதியலாம். பதியாமல் இறந்தவருக்காகக் குடும்பம் பின்னர் பதிய முடியாது.

மருத்துவம்

தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனை ஜி.பி. பந்த். அங்கு இயலாத சிகிச்சைக்கு ‘மெயின்லேண்ட்’ எனப்படும் இந்தியப் பெருநிலத்துக்குப் போகவேண்டும். சென்னை ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். கப்பலில் சுமார் மூன்று நாள். 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. அதன் அட்டையைத் தமிழ்நாட்டுப் பட்டியல் மருத்துவமனையிலும் காட்டலாம். 70 வயது நிறைந்தவர்கள் 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பின்றிச் சேர்க்கப்பட்டனர். கடல் கடக்கும் பயணச் செலவும், உடன் வருபவர் அங்கே தங்கும் செலவும் காப்பீட்டுக்கு வெளியே நிற்கின்றன. தீவுக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் இந்தச் செலவே.

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோரின் உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு 1997-இல் அமைந்த ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவுகிறது. ஆண்டு வருமானம் 1,25,000 ரூபாயைத் தாண்டாத குடும்பங்களுக்கு ஒன்றிய சுகாதார அமைச்சரின் விருப்புரிமை நிதியும் உண்டு.

சமூகத்தின் கை

அரசுப் பணம் வருவதற்குள் கழியும் நாட்களைச் சங்கமும் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அக்கம்பக்கமும்தான் தாங்குகின்றன. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில், பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் நடக்கும் மொய் விருந்தில் வரும் பணம் குறிப்பேட்டில் ஏறி, ஒருநாள் திரும்பவேண்டியது. துக்க வீட்டுக்காக வீதியில் வசூலிப்பது அப்படி எழுதப்படுவதில்லை. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் இவ்வழக்கத்துக்கு அரசே வடிவம் தந்தது: மகளிர் குழுக்களின் கிராமக் கூட்டமைப்புக்கு நலிவு குறைப்பு நிதி கிடைக்கிறது, பசி, நோய், சாவு நேர்ந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதை உறுப்பினர்களே முடிவுசெய்கிறார்கள்.

விண்ணப்பம்

பொதுவாகக் கேட்கப்படுவன: ஆதார், ரேஷன் கார்டு, தீவுவாசி என்பதைக் காட்டும் ஐலண்டர் கார்டு, தாசில்தாரின் வருமானச் சான்று, விண்ணப்பதாரர் பெயரிலான வங்கிக் கணக்கு. சாவுக்கு இறப்புச் சான்று. 21 நாளுக்குள் தெரிவித்தால் பதிவுக்குக் கட்டணமில்லை. விபத்துக்கு முதல் தகவல் அறிக்கையும் உடற்கூறாய்வு அறிக்கையும். சிகிச்சைக்கு மருத்துவமனை தரும் செலவு மதிப்பீடு. மருத்துவமனைக்குப் பணம் கட்டிய பின் அல்ல, அதற்கு முன்பே பிரதமர் நிதிக்கு எழுதுவது நல்லது. ஆவணங்களில் பெயரின் எழுத்து ஒத்திருக்கவேண்டும். தமிழ்ப் பெயரை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு விதமாக எழுதிவிடும் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

மறுக்கப்பட்டால்

மறுப்பையோ தாமதத்தையோ வாய்மொழியாக ஏற்காமல், மனுவின் நகலில் வாங்கிக்கொண்ட முத்திரையும் தேதியும் பெறவேண்டும். 2005 தகவல் அறியும் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்களுக்கும், பேரிடரால் பாதிக்கப்பட்டோருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் கட்டணமின்றி வழக்கறிஞரைத் தருகிறது. அதற்கும் மேலே போகவேண்டியவர்கள் கல்கத்தாவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு ஸ்ரீ விஜயபுரத்திலேயே கூடுகிறது.