உப்பிடுதலும் நக்குதலும்: கால்நடைத் தாதுஉப்புச் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

மேயும் கால்நடைகளுக்குத் தாதுஉப்பைத் தீவனத்தோடு கலவாமல் தனியே வைத்து, அவை வேண்டும்போது வேண்டிய அளவு உண்ணுமாறு விடும் முறை பல நாடுகளில் வழங்குகிறது. இதனைச் சுட்டும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் 'தடையற்ற தெரிவு' என அமையும். இத்தொடர் உப்பை வைக்கும் முறையை மட்டும் குறிக்கிறதா, தனக்கு எது குறைவு என்பதை விலங்கு அறிந்து தெரிவு செய்யும் என்னும் கொள்கையையும் சேர்த்துக் குறிக்கிறதா என்பது சொல்லளவில் விளங்கவில்லை. கால்நடை வளர்ப்போருக்கான கையேட்டை மொழிபெயர்ப்பவர் இவ்விரண்டனுள் எதைக் கொள்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு மந்தையின் நலம் அமையக்கூடும். ஆகவே, கால்நடைக்கு உப்பளித்தல் பற்றிய சொற்களின் வரலாறு இங்கு ஆராயப்படுகிறது.

2. அளந்து இட்ட உப்பு

உப்புக்கும் கால்நடைக்கும் உள்ள தொடர்பை இந்திய இலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே பதிவு செய்துள்ளது. உவர்மண்ணைக் குறிக்கும் 'ஊஷ' என்னும் வடசொல் இதற்குச் சான்றாகும். வேள்வித்தீ நிறுவும் சடங்கில் இடப்படும் உவர்மண்ணைச் சதபத பிராமணம் கால்நடையாகவே கொண்டு பேசுகிறது. கால்நடை நாடிச் செல்லும் மண் கால்நடைச் செல்வத்தின் குறியீடாயிற்று எனக் கருதலாம்.

அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் ஆநிரைக் கண்காணிப்பாளரின் கடமைகளைக் கூறும் பகுதி இதனினும் தெளிவானது. ஆர். சாமசாத்திரி 1909இல் பதிப்பித்து 1915இல் ஆங்கிலத்தில் பெயர்த்த இந்நூல், குதிரைக்கு ஒப்பான விரைவுடைய எருதுகளுக்குப் புல், பிண்ணாக்கு, தவிடு ஆகியவற்றோடு ஐந்து பலம் 'முகலவணம்' அளிக்க வேண்டும் என வகுக்கிறது. வடமொழியில் 'முகம்' என்பது முகத்தையும் வாயையும் குறிக்கும். தமிழில் முகம் என்பது பெரும்பாலும் முகத்தையே குறித்தலின், 'முக உப்பு' எனப் பெயர்த்தால் பொருள் மயங்கும். 'வாய்க்கு இடும் உப்பு' என்பதே பொருந்தும். இங்கு அளவை வகுப்பவன் அரசு அலுவலன். எருதின் விருப்பத்திற்கு இடமில்லை.

தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் 'உப்பு' என்னும் சொல் வழங்குகிறது. தமிழில் 'உப்பிடு' என்னும் வினைக்கு எழுவாய் கொடுப்பவரே. உண்டவர் நன்றிக்கடன் பட்டவராகிறார். இந்துஸ்தானியில் 'நமக்கலால்' என்னும் சொல்லும் இதே உறவைக் காட்டுகிறது. நீலகிரித் தோடர்கள் தம் எருமைகளுக்கு உப்புநீர் வழங்கும் நிகழ்ச்சியைச் சடங்காகவே நடத்தி வந்தனர் என்பது டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலால் அறியப்படும். சடங்கின் காலத்தை மனிதர் குறித்தாலும், குடிக்கும் அளவு எருமையின் விருப்பத்தைச் சார்ந்தது. அளந்து இடுதலுக்கும் தடையின்றி உண்ணவிடுதலுக்கும் இடைப்பட்ட நிலை இது எனலாம்.

3. நக்கும் இடமும் சட்டமும்

ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் பெயர் விலங்கின் செயலால் அமைந்தது. ஆங்கிலத்தில் 'நக்கு' என்னும் வினையே உவர்நிலத்திற்குப் பெயராகிப் பின்னர் உப்புக் கட்டிக்கும் ஆயிற்று. ஜெர்மானியச் சொல்லான 'சால்ஸ்லெக்க', 'நக்கும் கல்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் ஆகியனவும் இவ்வகையின. தமிழில் வழங்கும் 'தாதுஉப்புக் கட்டி' வடிவத்தை மட்டுமே கூறுகிறது. உண்ணும் செயல் அதில் இல்லை.

பிரித்தானிய ஆட்சியில் உவர்நிலம் சட்டத்தின் வரம்பிற்குள் வந்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய உப்புச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டமும் உப்பின் மீது அரசின் பிடியை உறுதிப்படுத்தின. நிலத்தில் தானே பூத்த உப்பைத் திரட்டுவதும் குற்றமாயிற்று. 1923இல் வரி மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டு, மறு ஆண்டே பழைய அளவுக்குக் குறைக்கப்பட்டது. வரியை எதிர்த்தோர் கூறிய வாதங்களுள் கால்நடைக்குப் போதிய உப்புக் கிடைக்கவில்லை என்பதும் ஒன்று. 1930 ஏப்ரல் 6இல் தண்டியில் காந்தியடிகள் எடுத்தது மண் கலந்த இயற்கை உப்பே. தானே நக்கிக்கொள்ள மாட்டுக்குத் தடையில்லாத அதே பொருளை, அம்மாட்டுக்காகத் திரட்டிக் கொண்டுசெல்ல உழவனுக்கு உரிமை இல்லாதிருந்தது.

4. பசியின் அறிவும் எல்லையும்

விலங்கின் விருப்பம் அதன் தேவையைச் சரியாகக் காட்டுமா என்னும் வினாவைப் பன்றிகளை வைத்து 1915இல் எழுப்பியவர் அயோவாவின் ஜே. எம். எவர்ட். இவ்வினாவுக்கு இருவேறு விடைகள் கிடைத்தன.

முதல் விடை உப்பைப் பற்றியது. பசுவின் வாயில் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேற்பட்ட உமிழ்நீர் சுரக்கும். அதிலுள்ள சோடியம் பைகார்பனேட்டு, முதல் இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் அமிலத்தைச் சமன்செய்கிறது. ஆஸ்திரேலிய அறிஞர் டெரக் டென்டன், உமிழ்நீரின் ஒரு பகுதி உடலுக்கு வெளியே வடியுமாறு ஆடுகளில் அறுவை செய்து ஆராய்ந்தார். சோடியத்தை இழந்த ஆடுகள், இழப்பை ஈடுசெய்யும் அளவுக்குச் சோடியக் கரைசலைத் தாமே நாடிக் குடித்தன. இவ்வாய்வுகளின் தொகுப்பாக அவர் நூல் 1982இல் வெளிவந்தது.

இரண்டாம் விடை தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அங்கு மாடுகள் கால்கள் செயலிழந்து மடிந்தன. ஆப்பிரிக்கான மொழியில் இந்நோயின் பெயர் 'லாம்சீக்தெ', அதாவது முடநோய். ஆர்னால்டு தைலர் 1919 முதல் விரிபர்க் அருகே ஆர்முட்ஸ்விலாக்தெ என்னும் பண்ணையில் இதனை ஆராய்ந்தார். 'வறுமைச் சமவெளி' என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். அங்கு வறுமை மண்ணிலேயே இருந்தது. மண்ணில் பாஸ்பரம் குறைவு. ஆகவே புல்லிலும் குறைவு. குறையுற்ற மாடுகள் எலும்பைத் தேடித் தின்றன. இறந்த விலங்கின் எலும்பில் ஒட்டியிருந்த அழுகல் நஞ்சு அவற்றைக் கொன்றது. எலும்புத்தூளை முறையாக ஊட்டியபோது எலும்பு வேட்கை தணிந்து இறப்பும் குறைந்தது. குறையை உணர்ந்த பசி, நஞ்சை உணரவில்லை. பிற்காலத்தில் கறவை மாடுகளுக்குச் சுண்ணமும் பாஸ்பரமும் தனித்தனியே வைத்து ஆராய்ந்தபோதும், அவை தம் குறைக்கேற்ப அவற்றை உண்ணவில்லை என்றே தெரியவந்தது.

5. பெயர்ப்பும் பயனும்

இன்றைய நடைமுறை இவ்விரு விடைகளையும் ஏற்று அமைந்தது. மாடு உறுதியாக நாடுவது சோடிய உப்பை. ஆதலின் பாஸ்பரம், செம்பு, துத்தநாகம் போன்றவை உப்போடு கலக்கப்படுகின்றன. உப்பைத் தேடி வரும் மாடு மற்றவற்றையும் உடன் பெறுகிறது. வேண்டிய உப்பு உட்சென்றதும் அது நக்குவதைக் குறைத்துக்கொள்வதால், கலவையின் அளவும் கட்டுப்படுகிறது. யூரியாவும் வெல்லப்பாகும் சேர்ந்த கட்டியில் அதன் கடினத்தன்மையே நக்கும் அளவை மட்டுப்படுத்துகிறது. கட்டி உதிர்ந்தோ நீரில் கரைந்தோ போனால் யூரியா மிகுந்து மாடு இறக்கவும் நேரும். மாட்டுக்கு ஏற்ற செம்பின் அளவு செம்மறியாட்டுக்கு நஞ்சாகலாம். எனவே கலவையைத் தெரிவு செய்பவர் வளர்ப்பவரே. விலங்குக்கு விடப்படுவது உண்ணும் நேரமும் ஓரளவு உண்ணும் அளவுமே.

இவ்வுண்மை மொழிபெயர்ப்பில் புலப்பட வேண்டும். 'மாடு தனக்கு வேண்டியதைத் தெரிந்து உண்ணும்' எனக் கையேடு கூறின், அதை நம்பும் உழவர் பாஸ்பரக் குறையுள்ள நிலத்தில் வெறும் உப்பை மட்டும் வைத்து ஏமாறக்கூடும். 'தடையின்றி உண்ண வைத்தல்' என்னும் தொடர், வைப்பவரையும் உண்ணும் விலங்கையும் அவரவர் இடத்தில் நிறுத்துகிறது. 'நக்கு உப்புக் கட்டி' என்பது தமிழ்ச் சொல்லில் விடுபட்ட செயலையும் மீட்டுத் தருகிறது. 'தெரிவு' என்னும் சொல்லை விலங்கின் மேல் ஏற்றுமுன், அது எந்த உப்பைப் பற்றியது என மூலத்தை நோக்கித் தெளிதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.