ஷெஃபாலி ஷா: அம்மா வேடத்திலிருந்து காக்கிச் சட்டைக்கு

குஜராத்தி நாடக மேடையிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் தேர்ந்தவர் ஷெஃபாலி ஷா. 1998இல் ‘சத்யா’ படத்தில் ரவுடி பிக்கு மாத்ரேயின் மனைவியாகச் சில காட்சிகளிலேயே மனத்தில் நின்றார். இந்தி சினிமா அதற்குச் செய்த மரியாதைதான் வேடிக்கை: 2005இல் ‘வக்த்’ படத்தில், தன்னைவிட மூத்தவரான அக்‌ஷய் குமாருக்கே அம்மா வேடம்! ‘தி லாஸ்ட் லியர்’ படத்துக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்த பிறகும் அம்மா வேடங்கள் தொடர்ந்தன.

2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டெல்லி கிரைம்’ கணக்கை மாற்றியது. 2012 டெல்லி பாலியல் வன்கொடுமை வழக்கைத் துப்புத் துலக்கும் காவல் துணை ஆணையர் வர்த்திகா சதுர்வேதியாக, தூக்கமற்ற கண்களும் அடக்கிய கோபமுமாகத் தொடரையே அவர் தாங்கினார். அத்தொடர் 2020இல் சர்வதேச எம்மி விருதை வென்றது. இரண்டாம் பருவ நடிப்புக்காக 2023இல் சிறந்த நடிகைக்கான எம்மி பரிந்துரைப் பட்டியலிலும் அவர் இடம்பெற்றார்.